அவருக்குப் பதில் விழுந்த வாழை

மாடியில் குடிவந்த புதிதில் ஒரு காலையில் அந்தப் பிள்ளை இறங்கி வந்து, என் கிரைண்டர் மேல் தன்னுடைய போனை வைத்து டேப்பால் சுற்றி ஒட்டியது. ஒட்டிவிட்டு, "பெரியம்மா, மாவு எப்ப ஆட்டுவீக?" என்று கேட்டது.

"ஏன் தாயி, போனை அரைச்சு இட்லி ஊத்தப் போறியா?" என்றேன்.

சிரிக்கவில்லை. "இல்ல பெரியம்மா. இது ஆடுற ஆட்டத்தைப் பதிஞ்சுக்கிறேன். அரிசிக்கு ஒரு ஆட்டம், உளுந்துக்கு ஒரு ஆட்டம் இருக்கும்ல?"

இருக்கும்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எது அரைபடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்டு ஒரு ஆள் வருவாள் என்று நான் நினைத்ததில்லை.

அதன் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்காமல் எழுதினால் அதற்குப் பிடிக்காது. இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ, எதன் மேல் போனை ஒட்டிக்கொண்டிருக்கிறதோ. ஆண்டிபட்டிப் பக்கத்துப் பிள்ளை. அக்காளை உத்தமபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்திலேயே இருக்கலாம் என்று சின்னமனூரில் எங்கள் மாடியை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்தே மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தது. முப்பது வயதைத் தொட்டிருக்கும். கல்யாணம் ஆகவில்லை.

கிரைண்டரோடு நிற்கவில்லை. என் வீட்டுக்காரரின் மொபெட்டில் போனைக் கட்டியது. துணி துவைக்கிற மிஷினில் கட்டியது. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கழுத்தில் மணிக்குப் பதிலாகப் போனைக் கட்டி விட்டுவிட்டு, அதன் பின்னாலேயே தெரு முழுக்க ஓடியது. போனை இடுப்பில் சொருகிக்கொண்டு மாடிப்படியில் ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும். ஒருநாள் நொண்டி நொண்டி ஏறியது. காலில் முள்ளா என்று பதறிப்போய்க் கேட்டால், "இல்ல பெரியம்மா, நொண்டுறவக நடை எப்படிப் பதியுதுன்னு பாக்கேன்" என்கிறது.

பக்கத்து வீட்டுக்காரி என் காதில் வந்து, "ஏக்கா, இது காத்து கறுப்புதான். ஒரு எட்டு வீரபாண்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு" என்றாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் சந்நிதித் திருநீறு வீட்டில் எப்போதும் இருக்கும். எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பிள்ளை தலையைக் குனிந்து காட்டியது.

"பூசுங்க பெரியம்மா, வேணாம்னு சொல்லல. ஆனா எனக்குக் காத்து கறுப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. இது என் வேலை."

அன்றைக்குத்தான் வேலையைக் காட்டியது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு போன் படம். படம் இல்லையாம், போனேதானாம். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற போன். அதற்கு எமுலேட்டர் என்று பெயராம். புதிதாக ஒரு ஆப் செய்கிறவர்கள் அதை முதலில் இந்தப் போனுக்குள் போட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பார்களாம்.

"நெசப் போனுக்குள்ள சின்னச் சின்னதா சென்சார் இருக்கு பெரியம்மா. சாயுதா, ஆடுதா, நடக்குதா, விழுதான்னு அதுகதான் போனுக்குச் சொல்லும். இந்தப் போன் மேசைய விட்டு நகராதுல்ல. அதனால சென்சார் சொல்ற மாதிரி நான் சொல்லணும். 'இப்ப நீ பஸ்ல போற, இப்ப நீ மாடியேறுற'ன்னு."

"அப்ப அதுகிட்டப் பொய் சொல்றதுதான் உன் வேலையா?"

"ஆமா பெரியம்மா" என்றது, கொஞ்சமும் யோசிக்காமல். "ஆனா நல்லாப் பொய் சொல்லணும். அதுக்கு நெசம் என்னன்னு தெரியணும்ல. இங்க பாருங்க." தன் நிஜப் போனை மேசைமேல் வைத்தது. திரையில் மூன்று கோடுகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. "சும்மா கெடக்குன்னுதான நெனைக்கிறீக? கெடக்கலை. தெருவுல லாரி போனாலும் நடுங்குது, ஃபேன் சுத்துனாலும் நடுங்குது. ஒண்ணுமே இல்லாட்டியும் தனக்குள்ளயே நடுங்குது. மொதல்ல நான் செஞ்சது செத்த பொணம் மாதிரி அசையாமக் கெடந்துச்சு. பாத்தவுடனே பொய்னு தெரிஞ்சிரும்."

எனக்கு முழுதும் விளங்கவில்லை. ஆனால் பொய்யைச் செய்வதற்கு இவ்வளவு பாடுபடுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொய் சொல்கிறவர்கள் சிரமப்படாமல்தான் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வராது. குழம்பு கொடுத்து நல்லா இருக்கா என்று கேட்டால், ஒரு வாய் தின்றுவிட்டு, "புளி கூட பெரியம்மா" என்று பாத்திரத்தைக் கழுவித் தரும். பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலை கட்டி வந்து காட்டினால், "போன தடவ கட்டுனதுதான் உங்களுக்கு எடுப்பா இருந்துச்சு" என்னும். அக்காள் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தபோது, மாப்பிள்ளையின் அம்மா, "நல்லா சமைப்பியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ரசம் நல்லா வைப்பேன். மத்தது வச்சுப் பாத்துத்தான் சொல்லணும்" என்றிருக்கிறது இது. அவர்கள் போய்த் தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். அக்காள் என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். "ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா என்னங்கிறேன்? நாக்கா தேஞ்சிரும்?"

நான் கேட்டதற்கு இது சொன்னது, "தெரியாததைத் தெரியும்னு சொன்னா, அப்புறம் தெரிஞ்சதையும் நம்ப மாட்டாக பெரியம்மா."

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டிக்கு அழைத்துப் போனேன். தீச்சட்டி எடுத்து வருகிற கூட்டத்துக்குள் புகுந்து, இடி வாங்கி, மஞ்சத்தண்ணியில் நனைந்து, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். இடுப்பில் போன் பதிந்துகொண்டேதான் இருந்தது. என்ன பதிகிறாய் என்றால், "கூட்டம்" என்றது. பிறகு ராட்டினத்தைப் பார்த்து நின்றுவிட்டது. பெரிய ராட்டினம், கோபுரத்தை விட உயரம் தெரியும். "பெரியம்மா, வாரீகளா?"

இந்த வயதில் எனக்கு ராட்டினம் என்ன கேடு? ஆனால் அது கேட்ட கேள்வியில் போகாமல் இருக்க முடியவில்லை. மேலே போய்க் கீழே இறங்கும்போது வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் போனது மாதிரி இருந்தது. "ஆத்தா கௌமாரி, என்னியக் காப்பாத்து" என்று கண்ணை மூடிக் கத்தினேன். இது போனைப் பார்த்துக்கொண்டே, "இதுதான், இதுதான் பெரியம்மா" என்று கூவியது. "வயித்துல ஒண்ணும் இல்லாமப் போகுதுல்ல? போனுக்கும் அப்படித்தான். விழுறப்போ ஒரு செத்த நேரம் அதுக்குக் கனமே இருக்காது." நான் இறங்கி வந்து ஓரமாக உட்கார்ந்தேன். அது எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் தனியாக ஏறப் போனது.

இனி எங்கள் வீட்டுக் கதை. எங்களுக்குக் குச்சனூர் போகிற வழியில் வாய்க்கால் கரையோரம் ஒரு வாழைத்தோட்டம் உண்டு. என் வீட்டுக்காரருக்குச் சாமிக்கு அடுத்து அதுதான். ஆனி மாதம் ஒருநாள், சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போனவர், மயங்கி வரப்பில் விழுந்து கிடந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டார் போட வந்தவர் பார்த்ததால் ஆச்சு. அம்மன் புண்ணியம். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறான். உருப்படிகளில் ஓட்டை, தையல் விட்டது எல்லாம் பார்த்துத் தள்ளுகிற வேலை. ஓடி வந்தான். "அப்பா, இனிமே தனியா தோட்டத்துக்குப் போகக் கூடாது. ஐப்பசி பொறந்ததும் குத்தகைக்கு விட்ருவோம். ஆள் இருக்கு" என்றான். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததற்குத்தான் நான் பயந்தேன். காலையில் எழுந்து குளித்து, திருநீறு பூசி, வாசலில் போய் நிற்பார். மொபெட்டைத் துடைப்பார். திரும்பி உள்ளே வருவார்.

மாடிப் பிள்ளைதான் வழி சொன்னது. அதன் கம்பெனியில் வேறு ஆட்கள் ஒரு ஆப் செய்கிறார்களாம். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர் விழுந்துவிட்டால் போனே கத்தும். விழுந்தவர் எழுந்து அமர்த்தாவிட்டால் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும். அதைச் சோதிப்பதற்குத்தான் இது எமுலேட்டருக்கு விழுகிற பொய்களைச் செய்துகொண்டிருந்தது. "அவுக ஆப்ல ஒண்ணு மாத்துற ஒவ்வொரு தடவையும் ஆளைப் பிடிச்சுக் கீழ தள்ள முடியுமா பெரியம்மா? ஒருத்தர் ஒருதரம் விழுந்தாப் போதும். அதையே நான் ஒல்லி ஆள், குண்டு ஆள், சட்டைப் பை, இடுப்புன்னு ஆயிரம் விதமா விழ வச்சுக் காட்டிருவேன்."

இன்னும் வெளியே விடாத ஆப். சொல்லி வாங்கி அவர் போனில் போட்டுக் கொடுத்தது. மகனும், சரி, அது இருந்தால் போய் வரட்டும் என்று இறங்கி வந்தான்.

அந்த ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் கோயிலுக்கு நானும் அவரும் போனோம். கூட்டமான கூட்டம். எள் தீபம் போட்டுவிட்டு, கொடிமரத்தருகே அவர் விழுந்து கும்பிட்டார். அவர் கும்பிடுவது எப்போதுமே அப்படித்தான், தொப்பென்று விழுவார். விழுந்தால் லேசில் எழ மாட்டார். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி முடித்துத்தான் எழுவார்.

போன் கத்த ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு கத்தல். "ஐயோ, பெரியவரு விழுந்துட்டாரு!" என்று வரிசையிலிருந்து ஆட்கள் பாய்ந்தார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்க, ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். "விடுங்கப்பா, நான் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்!" என்று இவர் கையை உதற, பின்னால் ஒரு அம்மாள், "சாமி வந்துருச்சு, வழி விடுங்க" என்று குலவை போட்டுவிட்டார். அதற்குள் போன் மகனைக் கூப்பிட்டுவிட்டது. நாங்கள் எடுத்துப் பேசுகிறபோது அவன் திருப்பூரில் பஸ் ஏறியிருந்தான்.

"அது கத்துறது கேக்குதுல்ல, எந்திரிச்சு அமத்த வேண்டியதுதானங்க?" என்றேன் வீட்டுக்கு வந்து.

"சாமி முன்னாடி பாதியில எந்திரிக்கவா?" என்றார். போனைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார். "இனிமே இது எனக்கு வேணாம்."

வந்து இறங்கிய மகனும் அதையேதான் சொன்னான். "கும்பிட்டா அடிக்குது. விழுந்தா அடிக்குமான்னு யாருக்குத் தெரியும்? ஐப்பசியில தோட்டத்தை விட்ருவோம்மா."

மாடிப் பிள்ளையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவாகவே தெரிந்துகொண்டது. மறுநாள் காப்பி கொண்டுபோனபோது, கம்பெனியில் தன் மேலதிகாரியிடம் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அவரும் தமிழ்க்காரர்தான். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"அதுவும் விழுறதுதானேம்மா?"

"இல்ல சார். இது விழுந்து கும்பிடுறது."

"கீழே விழுறாரா இல்லையா?"

"விழுறாரு சார். ஆனா விழலை."

என்னிடமிருந்து காப்பியை வாங்கிக்கொண்டே மறுபடியும் சொன்னது:

"சார், நீங்க பொங்கலுக்கு ஊருக்குப் போய் அம்மா கால்ல விழுறீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஆம்புலன்ஸையா கூப்பிடுவாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "சரிம்மா, புரியுது. ஆனா நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் ஆபீஸ் பசங்க மெத்தையில விழுந்த பதிவுதான். கும்பிடுறது ஒண்ணுகூட இல்லையே."

"நான் தாரேன் சார்" என்றது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு முற்றம் கோயிலாகிவிட்டது. அவர் முதலில் முறுக்கிக்கொண்டார். பிறகு, பிள்ளை முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். ஆனால், "சும்மா தரைக்கு எப்படி ஆத்தா கும்பிடுறது? எனக்குப் பொய்யாக் கும்பிட வராது" என்றார். நான் பூஜை அறையிலிருந்து கௌமாரி படத்தைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துப் பூ போட்டேன். அவர் ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே கும்பிட்டார். ஒவ்வொரு தடவையும் குடும்பத்தின் பெயரெல்லாம் சொன்னார். பிள்ளை அவசரப்படுத்தாமல் நின்றது. நானும் மண்டியிட்டுக் கும்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரியும் இடுப்பில் போனைச் சொருகிக்கொண்டு வந்து கும்பிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஒரு மாப்பிள்ளையக் குடு தாயே" என்று சத்தமாகவே வேண்டினாள். "அதுவும் பதியுதா?" என்று கேட்டாள். "சத்தம் பதியாதுக்கா" என்றது.

கும்பிடுவது கிடைத்துவிட்டது. கும்பிடுகிறவர் முதலில் ஒரு நிலையாக நிற்பார், கை முந்திப் போகும், அதற்கப்புறம்தான் உடம்பு போகும் என்று திரையில் காட்டியது. இனி மயங்கி விழுவது வேண்டும். ஆபீஸ் பையன்கள் விழுந்தது சரியில்லை என்றது. தானே விழுந்து பார்த்தது. போடியில் வாங்கிய எங்கள் இலவம்பஞ்சு மெத்தையை முற்றத்தில் போட்டு, கண்ணை மூடி மூடி விழுந்தது. எழுந்து உட்கார்ந்து தன் கைகளையே கோபமாகப் பார்த்தது.

"கை முன்னால வந்துருது பெரியம்மா. மயக்கத்துல கை வராது. விழுறோம்னு தெரிஞ்சு விழுந்தா அது விழுகையே இல்ல."

"நான் வேணா விழுந்து காட்டவா?" என்றார் இவர். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கையே இல்லாத ஆள் வேணும், அம்புட்டுத்தான?" என்றார்.

எல்லோரும் தோட்டத்துக்குப் போனோம். வாழையில் தார் வெட்டியபின் மரத்தையும் வெட்டிச் சாய்ப்பது வழக்கம்தானே. அது மறுபடி காய்க்காது, பக்கத்தில் கன்று இருக்கும். தார் இறக்கிய ஒரு மரத்தருகே நின்று, "இது என் உயரந்தான்" என்று அளவு பார்த்தார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பழைய போன் ஒன்றை அதில் முடிந்து, மரத்தின் இடுப்பில் கட்டினார். கட்டிவிட்டு அரிவாளை எடுத்தார்.

"என்ன காரியம் பண்றீக? ஒங்க துண்டைக் கட்டி வெட்டிச் சாய்ப்பீகளா? அவுருங்க மொதல்ல!" கத்தியே விட்டேன். பிள்ளை, "தப்புதான் பெரியம்மா, வேற துணி கட்டுறேன்" என்று முடிச்சில் கையை வைத்தது.

அவர் அதன் கையை விலக்கினார். என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்: "இந்தா, தோஷம் இருக்கிற ஆளை வாழைக்குத் தாலி கட்டச் சொல்றாகள்ல. கட்டிட்டு அந்த வாழைய வெட்டிப்பிடுவாக. ஆளுக்கு வர இருந்தது வாழையோட போயிரும். அது மாதிரி நெனச்சுக்க. நான் விழ வேண்டிய விழுகையெல்லாம் எனக்குப் பதில் இதுக விழுந்துட்டுப் போகட்டும்."

துண்டு இருக்கட்டும் என்று தலையை ஆட்டினேன். பிள்ளைதான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டது. "பெரியப்பா, என் வேலை என்னன்னு எங்க அம்மாவுக்கு இம்புட்டு வருசமா எனக்குச் சொல்லத் தெரியலை. நீங்க சொல்லிட்டீக" என்றது.

அவர் கும்பிட்டுவிட்டு வெட்டினார். மரம் ஒரு பக்கம் சரிந்து, சொத்தென்று விழுந்தது. கை இல்லை, தடுமாற்றம் இல்லை. திரையில் வந்த கோட்டைப் பார்த்துப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. அதற்கப்புறம் தார் வெட்டுகிற நாளெல்லாம் அது தோட்டத்தில் இருந்தது. சில மரத்தை முட்டுக்கொடுத்து, சிலதை வாய்க்கால் பக்கம், சிலதை ஈர மண்ணில் என்று சாய்க்கச் சொன்னது. "என் பேர்ல இன்னும் எத்தனை பேரு சாகணும் ஆத்தா?" என்று இவர் கேலி பேசிக்கொண்டே வெட்டுவார். மாடியில் அந்த வாழைகளெல்லாம் எமுலேட்டருக்குள் மறுபடி மறுபடி விழுந்தன. மெட்ராஸ்காரர்கள் ஆப்பைத் திருத்தித் திருத்தி அனுப்பினார்கள்.

நான் ஒருநாள் கேட்டேன். "இப்ப இவுக விழுந்தா அது கண்டிப்பா அடிக்குமா தாயி?"

"கண்டிப்பான்னு சொல்ல முடியாது பெரியம்மா."

அதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. புரட்டாசியில் மகன் வந்தான். குத்தகைக்காரரை மறுநாள் வரச் சொல்லியிருந்தான். பிள்ளை கீழே இறங்கி வந்து கம்ப்யூட்டரை விரித்து அவனுக்கு எல்லாம் காட்டியது. கும்பிட்ட பதிவை ஓட்டியது. திரையில் இருந்த போன் சும்மா இருந்தது. வாழை விழுந்த பதிவை ஓட்டியது. கத்தியது. மகன் இரண்டையும் பார்த்தான். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"எங்கப்பா விழுந்தா இது உறுதியா அடிக்குமா?"

அவர் பிள்ளையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆமா என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தோட்டம் இருக்கும், அவர் வாசலில் நின்று திரும்பி வர வேண்டியதில்லை. 'இந்த ஒரு தடவை ஆமான்னு சொல்ல வை தாயே' என்று அம்மனை வேண்டிக்கொண்டேன்.

"இல்லண்ணே" என்றது. "தடார்னு விழுந்தா அடிக்குது. ஆனா தலை சுத்தி, மரத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சரிஞ்சு உக்காந்துட்டாகன்னா அடிக்கலை. நானும் எத்தனையோ விதமா செஞ்சு பாத்துட்டேன். உக்காருறதுக்கும் அதுக்கும் போனுக்கு வித்தியாசம் தெரியலை. நாளைக்குத் தெரியலாம். இன்னைக்குத் தெரியாது."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். இருந்திருந்து நமக்கு வந்து வாய்த்ததே என்று அழுகை வந்தது. அங்கிருந்தே மகன் குரல் கேட்டது.

"வேற எதுல விட்ருது?"

"தண்ணியில விழுந்தா சொல்ல முடியாது. போனை எடுக்காமப் போயிட்டாகன்னா ஒண்ணுமே இல்ல."

"வேற?"

"நான் பாத்தவரைக்கும் இம்புட்டுத்தான் அண்ணே."

பிறகு மகன் சொன்னான்: "செக்கிங்ல ஒருத்தன் உருப்படியக் கொண்டாந்து 'ஒரு ஓட்டைகூட இல்லண்ணே'ன்னு சொன்னா, அவன் பாக்கவே இல்லன்னு அர்த்தம். ஓட்டை இங்கன இருக்குன்னு விரலை வச்சுக் காட்டுறான் பாருங்க, அவன்தான் பாத்தவன்." அப்பா பக்கம் திரும்பினான். "ஓட்டை எங்கன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அதை நாம அடைக்கணும். சாப்பிடாமப் போகக் கூடாது. மோட்டார் போடுறப்ப ஒரு போன், நிறுத்துறப்ப ஒரு போன் அம்மாவுக்கு அடிக்கணும். வரலேன்னா பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து எட்டிப் பாக்கணும், நான் அவர்கிட்டப் பேசிக்கிறேன். சம்மதமா?"

"சம்மதம்டா தம்பி" என்றார்.

குத்தகைக்காரருக்கு அன்று சாயங்காலமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அவர் தனியாகப் போன முதல் நாள். இட்லி சாப்பிட்டார், சுகர் இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளப் பையில் மிட்டாய் போட்டேன், போனைச் சட்டைப் பையில் நானே வைத்துப் பொத்தான் போட்டேன். மொபெட் சத்தம் தெரு தாண்டியதும் பூஜை அறையில் விளக்கேற்றி உட்கார்ந்தேன். மோட்டார் போட்டேன் என்று ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு நிறுத்தினேன் என்கிற போன் வர வேண்டும். வரவில்லை. உலை கொதித்து வழிந்தது, எனக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தபோது அதுவே அடித்தது.

"இந்தா, மோட்டாரை நிறுத்திட்டேன். தண்ணி கடைசி பாத்திக்குப் போகச் செத்த நேரமாயிருச்சு. பசிக்குது, வாரேன்."

போனை வைக்கக்கூட இல்லை, அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பிள்ளை செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தது. "யாரு பெரியம்மா? பெரியப்பாவா? என்ன சொன்னாக?"

"பசிக்குதாம்."

அது படியிலேயே உட்கார்ந்துவிட்டது. அன்று காலையிலிருந்து அது கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லையாம். பச்சைத்தண்ணி பல்லில் படவில்லையாம். என்னைவிடக் கூடுதலாகப் பயந்துகொண்டு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவளுக்குத்தானே பயம் கூடும். நான் அதற்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். இந்தப் பிள்ளை மேலா அன்றைக்குக் கோபப்பட்டோம் என்று இருந்தது.

மொபெட் வந்து நின்றது. இறங்கியவரின் நெற்றி நிறைய ஈர மண். சட்டை முன்பக்கமெல்லாம் சேறு. "ஐயோ, விழுந்துட்டீகளா?" என்று ஓடினேன். பிள்ளை எனக்கு முன்னே ஓடி, அவர் சட்டைப் பையிலிருந்து போனை உருவிப் பார்த்தது.

"பெரியப்பா, இதுல ஒண்ணுமே வரலையே. அடிக்கவே இல்லையே. விழுந்தீகளா, இல்ல கும்பிட்டீகளா?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எம்புட்டு நாள் கழிச்சு என் மண்ணுல தனியா நிக்கேன். விழுந்து கும்பிட்டேன் ஆத்தா."